கீழ்வீட்டு ஓவனும் எங்க வீட்டு வைஃபையும்

பிப்ரவரி 1, சனி

இன்னைக்கும் வீடியோ கால் பாதியில அறுந்துபோச்சு. பெனிட்டா வாயைத் திறந்தபடி டேப்லெட்ல அப்படியே உறைஞ்சு நிக்கா. ஆன்சி "அம்மா, அம்மா"ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அந்நேரம் கீழ இருந்து "டிங்"குன்னு ஒரு சத்தம். உடனே படம் அசையுது.

ஒரு மாசமா இன்டர்நெட் கம்பெனிக்காரனைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். அவன் பாவம். இது கீழ்வீட்டுச் சிவதாணு அண்ணாச்சிக்க வேலை. பேங்க் மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆன ஆளு. சரியா ஒண்ணரைக்கு அவருக்குச் சாப்பாடு. சோறு தனியா, குழம்பு தனியா, ரசம் தனியா, அவியல் தனியா, ஒவ்வொண்ணா மைக்ரோவேவ் ஓவன்ல சுடவச்சுக் கொடுக்கணும் அந்த மகாராசாவுக்கு. அவிய அடுக்களைக்கு நேர் மேல எங்க அடுக்களை. ஓவன் ஆதிகாலத்துப் பழசு, கதவு ஒரு பக்கம் தொங்கிக்கிட்டு நிக்குது, செல்லோடேப் ஒட்டி வச்சிருக்காவ. போன தடவை தண்ணி டேங்க் சண்டைக்குப் போனப்போ நானே பாத்தேன்.

ஓவனும் வைஃபையும் ஒரே அலைவரிசை. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவும் நம்ம சபைக் கன்வென்ஷனும் ஒரே நாள்ல வந்து, ரோட்டுல எதிரெதிரே குழாய் ஸ்பீக்கர் கட்டுனா யாரு பேசுறது யாருக்குக் கேக்கும்? அதே கதைதான் இதுவும். பாலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ் எடுக்குற நானே இதைக் கண்டுபிடிக்க ஒரு மாசம் ஆச்சுன்னா வெளிய சொல்ல முடியுமா?

பெனிட்டா அயர்லாந்து போய் ரெண்டு வருஷம் ஆகப்போவுது. ஆஸ்பத்திரில நைட் டூட்டி முடிச்சு அவ ரூமுக்கு வரும்போது இங்க ஒண்ணரை. சனியும் ஞாயிறும்தான் எனக்கும் பிள்ளைக்கும் வீட்டுல இருக்க முடியும். அந்த ரெண்டு நாள்தான் மூணு பேரும் மூஞ்சியைப் பாத்துப் பேசுறது.

இன்னைக்கு அவ எடுத்ததும் பழைய பாட்டுதான். ஆன்சியை அங்க கூட்டிட்டுப் போணுமாம். விசாவுக்குத் தகப்பன் சம்மதம்னு நான் கையெழுத்துப் போட்டு, நோட்டரி வக்கீல்கிட்ட சீல் வாங்கி அனுப்பணும். ஏப்ரல் முதல் வாரத்தைத் தாண்டுனா இந்த வருஷம் அங்க ஸ்கூல்ல இடம் கிடைக்காது. இவ்வளவும் சொல்லி முடிச்சு, "நீங்க என்ன சொல்லுறீங்க?"ன்னு கேக்கும்போதுதான் உறைஞ்சா.

ஆன்சிக்குப் பதினொரு வயசு. என்கிட்ட இருக்கா, நல்லாத்தான் இருக்கா. இதுல நான் சொல்லுறதுக்கு என்ன இருக்கு?

சாயங்காலம் கீழ இறங்கிப் போய் மரியாதையாத்தான் சொன்னேன். ஒண்ணரைக்கும் ரெண்டே காலுக்கும் நடுவுல ஓவன் போடாதீங்க அண்ணாச்சி, எங்க போன் கெட்டுப்போவுதுன்னு. என் வீட்டுல நான் சுடுசோறு திங்கிறதுக்கு உம்மகிட்ட லைசென்ஸ் வாங்கணுமான்னு கேட்டுட்டு, டி.வி. சத்தத்தைக் கூட்டி வச்சாரு. கொழுப்பு.

பிப்ரவரி 2, ஞாயிறு

கோயில்ல போதகர் பிறனை நேசிக்கிறதைப் பத்திப் பேசுனாரு. அவரு வீட்டுக்குக் கீழ ஆரு குடியிருக்காவன்னு தெரியல.

மத்தியானம் நாலு "டிங்". நாலு தடவையும் பெனிட்டா உறைஞ்சா.

பிப்ரவரி 4, செவ்வாய்

அசோசியேஷன் செக்ரட்டரி லில்லி டீச்சர்கிட்ட புகார் கொடுத்தாச்சு. ரிட்டயர் ஆன ஹெட்மிஸ்ட்ரஸ். முழுசாக் கேட்டுட்டு, "ரசல், ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவுல ஒரு ஓவன் நிக்கலாமா?"ன்னு சொன்னாவ. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. நியாயம் தெரிஞ்ச ஒரு ஆளாவது இந்தக் கட்டடத்துல உண்டு.

பொதுக்குழுவுல பேசலாம்னு சொல்லிருக்காவ.

பிப்ரவரி 8, சனி

பெனிட்டா இன்னைக்குக் கொஞ்ச நேரம் ஒழுங்காத் தெரிஞ்சா. அங்க பனி பெய்யுதாம். ஆன்சி ஸ்கூல் கதையெல்லாம் சொன்னா. அதுக்கப்புறம் பெனிட்டா, பேப்பரைப் பாத்தீங்களான்னு என்கிட்ட கேட்டா. மெயில்ல அனுப்பிருக்காளாம்.

அந்நேரம் எனக்குத் தண்ணி தவிச்சுது. டேப்பைக் கையில எடுத்துக்கிட்டே அடுக்களைக்குப் போனேன். போனதும் அறுந்துபோச்சு. கீழ ஓவன் ஓடிக்கிட்டு இருந்துச்சு, அதுக்கு நான் என்ன செய்ய?

ஆன்சி ஹால்லயே உக்காந்திருந்தா. தண்ணி ஹால் மேசை மேல ஜக்குல இருக்குப்பான்னு சொன்னா.

பிப்ரவரி 11, செவ்வாய்

லிஃப்டுல நோட்டீஸ் ஒட்டுனேன். கம்ப்யூட்டர்ல அடிச்சு, படம் போட்டு. ஓவன் ரௌட்டருக்குப் பக்கத்துல இருந்தா என்ன ஆகும், கதவு சரியா மூடாத ஓவன் எவ்வளவு கசியும், கார்ட்லெஸ் போன், வயர் இல்லாத கேமரா, புளூடூத் ஸ்பீக்கர் இதெல்லாம் எப்படி இடைஞ்சல் பண்ணும், எல்லாம் விளக்கமா எழுதி, "நாகரிகம் உள்ளவர்கள் ஒத்துழைக்கவும்"னு முடிச்சேன்.

காலேஜ் விட்டு வந்து பாத்தா அதுக்குக் கீழ பச்சைப் பேனாவுல எழுதிருக்கு: "நாகரிகம் உள்ளவர்கள் பசித்தால் சாப்பிடுவார்கள்." பேங்க்காரன் கையெழுத்து எனக்குத் தெரியாதாக்கும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சாயங்காலம் கார் பார்க்கிங்ல பொதுக்குழு. பிளாஸ்டிக் நாற்காலி, டீ, மிக்சர். லிஃப்ட் மெயின்டனன்ஸ் முடிஞ்சு என் விஷயம் வந்துச்சு.

நான் நல்லாப் பேசுனேன். வெளிநாட்டுல கஷ்டப்படுற பொம்பளை, வாரத்துக்கு ரெண்டு நாள்தான் பெத்த பிள்ளையைப் பாக்கான்னு சொன்னேன். மூணாம் மாடிக்காரங்க தலையை ஆட்டுனாவ. சிவதாணு எந்திரிச்சாரு. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, அவசரமே இல்லாம.

"வாத்தியாரே, என் மவன் பெங்களூருல இதே சோலிதான் பாக்கான். அவன்கிட்ட கேட்டேன். அந்தப் பெட்டியில இருந்து ஒரு வயரை இழுத்து நேரா கம்ப்யூட்டர்ல சொருகிட்டா, ஓவன் இல்ல, ஓவனுக்க அப்பன் வந்தாலும் ஒண்ணும் செய்யாதாம். அஞ்சு நிமிஷ வேலையாம். இது உமக்குத் தெரியாதா?"

தெரியும். தெரியாம என்ன? ஆனா வயர் இழுக்கணும்னா சுவர்ல ஓட்டை போடணும், டைல்ஸ் உடையும், வாசல்ல தடுக்கிப் பிள்ளை விழும். இதையெல்லாம் சொன்னேன். சொல்லும்போது ஏனோ குரல் ஏறிப்போச்சு. லில்லி டீச்சர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே என்னைப் பாத்தாவ. பார்வை நான் புகார் கொடுத்த அன்னைக்கு மாதிரி இல்ல.

முடிவு: சனி, ஞாயிறு ஒண்ணரையில இருந்து ரெண்டே கால் வரைக்கும் யாரும் ஓவன் போடக்கூடாது. ரசல் சார் ஒரு மாசத்துக்குள்ள வயர் இழுக்கணும்.

ஜெயிச்சது நான்தான். அவரு மூஞ்சி செத்துப்போச்சு. மிக்சரைக் கூடத் தொடல.

பிப்ரவரி 18, செவ்வாய்

வயர் வாங்கிட்டேன். இருபது மீட்டர். பீரோ மேல வச்சிருக்கேன். சுவர்ல அடிக்க கிளிப் வாங்க மறந்துட்டேன்.

பிப்ரவரி 22, சனி

தடை அமலுக்கு வந்த முதல் நாள். ஒரு "டிங்" கூட இல்ல.

படம் கண்ணாடி மாதிரி. பெனிட்டா முடியை வெட்டிருக்கா, தோள் வரைக்கும்தான் இருக்கு. எப்ப வெட்டுனான்னு கேட்டேன். தீபாவளி சமயத்துலயாம். இத்தனை நாளும் எனக்குத் தெரியல. கண்ணுக்குக் கீழ கருத்துக் கெடக்கு. கன்னம் ஒட்டிப்போச்சு. ஒழுங்காச் சாப்பிடுறாளோ என்னவோ.

ஆன்சி டான்ஸ் ஆடிக் காட்டுனா. பெனிட்டா சிரிச்சா. அவ சிரிப்புச் சத்தம் முழுசா வந்து விழுந்துச்சு ஹால்ல. அதுக்கப்புறம் முகம் மாறி, "ஏங்க, அந்தப் பேப்பர்..."னு ஆரம்பிச்சா.

எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு, ரௌட்டர் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துல இருக்கே, அது சரியான்னு. எந்திரிச்சுப் பாக்கப் போனேன். கை சுவிட்ச்சுல பட்டு எல்லாம் அணைஞ்சுபோச்சு. வேணும்னு செய்யல. இதை எழுதணும்னு கூட அவசியம் இல்ல.

திரும்பப் போட்டு லைட் பச்சையாக நேரம் ஆச்சு. அதுக்குள்ள பெனிட்டா தூங்கப் போயிட்டா. நைட் டூட்டி பாத்த உடம்பு.

பிப்ரவரி 23, ஞாயிறு

பெல் அடிச்சுது. திறந்து பாத்தா ஆளில்ல. வாசல்ல ஒரு எவர்சில்வர் கிண்ணம், உள்ள ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த அவியல், தேங்காய் எண்ணெய் மேல வெள்ளையாக் கட்டிக் கெடக்கு. பக்கத்துல ஒரு துண்டுச் சீட்டு: "நீரே தின்னும்."

தின்னேன். அவரு வீட்டுக்காரி பகவதியம்மாவுக்க கைப்பக்குவத்தைக் குறை சொல்ல முடியாது. கிண்ணத்தைக் கழுவாமக் கொண்டுபோய் அவிய வாசல்ல வச்சுட்டு வந்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

மூணு நிமிஷம்தான் பேசுனோம். சிக்னல் சரியில்ல.

மார்ச் 5, புதன்

ஓவன் ஓடாமலே கட் ஆவுதுன்னா வேற என்னவோ இடைஞ்சல் இருக்குன்னுதான அர்த்தம்? தேடிக்கிட்டு இருக்கேன். லில்லி டீச்சர் வீட்டுல புளூடூத் ஸ்பீக்கர் இருக்கு, மத்தியானம் பாட்டுக் கேப்பாவ. வாட்ச்மேன் ரூம்ல வயர் இல்லாத கேமரா இருக்கு. ரெண்டையும் அந்நேரத்துக்கு அணைக்கணும்னு டீச்சர்கிட்ட போய்ச் சொன்னேன். ஸ்பீக்கரை அணைக்கேன், கேமராவை அணைக்க முடியாதுன்னாவ. நான் கிளம்பும்போது, "வயர் இழுத்தாச்சா ரசல்?"னு கேட்டாவ. கிளிப் கிடைக்கலன்னு சொன்னேன்.

"நாகர்கோவில்லயா?"ன்னு கேட்டாவ டீச்சர்.

இந்தப் பொம்பளையும் அந்தப் பக்கம் சாஞ்சாச்சு.

மார்ச் 8, சனி

இன்னைக்கு ஆன்சி மேல கத்திட்டேன்.

அவ கூட்டுக்காரி வீட்டுல வைஃபை தேடுனா பேரு ரெண்டு வருமாம், ஒண்ணு சாதாரணம், இன்னொண்ணு கடைசியில அஞ்சுன்னு போட்டு. அந்த ரெண்டாவதுல போனா ஓவன் இடைஞ்சலே இருக்காதுன்னு அவ அண்ணன் சொன்னானாம். நம்ம பெட்டியும் அதே கம்பெனிதான, அதே மாடல்தான, நமக்கு மட்டும் ஏன் ஒரு பேருதான் வருதுன்னு கேக்கா.

அந்த ரெண்டாவது அலைவரிசை சுவரைத் தாண்டாது, பெட்ரூம்ல கிடைக்காது, அதனால நான் அணைச்சு வச்சிருக்கேன்னு சொன்னேன். எப்ப அணைச்சேன்னு கேட்டா. கிறிஸ்மஸுக்கு அப்புறம்னு வாயில வந்துருச்சு.

அவ சும்மா என்னைப் பாத்துக்கிட்டு நின்னா. அந்தப் பார்வைக்குத்தான் கத்துனேன். நீ எனக்குப் பாடம் எடுக்கியா, எலக்ட்ரானிக்ஸ் படிச்சது நானா நீயான்னு. அவ அழல. ரூமுக்குள்ள போய்ப் பைபிள் வசனம் படிக்க ஆரம்பிச்சா, சண்டே ஸ்கூல் பரீட்சைக்கு.

கோட்டிக்காரன் மாதிரி ஆயிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவளுக்குப் பிடிச்ச புட்டும் கடலையும் செஞ்சு கொடுத்தேன். தேங்க்ஸ்ப்பான்னா. அந்தத் தேங்க்ஸ் எனக்குப் பிடிக்கல. விருந்தாளி சொல்லுற மாதிரி இருந்துச்சு.

மார்ச் 15, சனி

கூப்பிட்டா. ரெண்டு வார்த்தை. போச்சு.

மார்ச் 16, ஞாயிறு

இன்னைக்கு நானே ரௌட்டரை அணைச்சு வச்சேன். இடி இடிக்குற மாதிரி இருந்துச்சு. மழை வரல.

பெனிட்டா போறதுக்கு முன்னாடி ரெண்டு பேரையும்தான் கூப்பிட்டா. நீங்களும் வாங்க, ஆறு மாசத்துல உங்களுக்கும் விசா எடுத்துரலாம்னு கெஞ்சுனா. நர்ஸுக்க புருஷன்னு சொல்லிக்கிட்டு அங்க போய் ஹோட்டல்ல பாத்திரம் கழுவவா? இங்க நான் ரசல் சார். பஸ்ல ஏறுனா பழைய ஸ்டூடண்ட் எந்திரிச்சு சீட்டு தருவான். வரமாட்டேன்னு சொன்னேன். அதோட இன்னும் சில வார்த்தையும் சொன்னேன். அதை எழுதப்போறதில்ல.

போய்க் கொஞ்ச நாள் வரைக்கும் "நீங்க ரெண்டு பேரும் வந்தா"ன்னுதான் பேசுவா. இப்ப பிள்ளையைப் பத்தி மட்டும்தான் பேசுதா. இந்தச் சிக்னல்ல என்ன முழுசா வருது? அவ சொல்லிருப்பா, எனக்கு வந்து சேந்திருக்காது.

ஆன்சி போயிட்டா நான் இந்த வீட்டுல யாருக்கு முட்டை அவிப்பேன்? அவ ஷூ வாசல்ல இல்லாத வீட்டுக்குள்ள நான் எப்படிக் கால வைப்பேன்? இதை அந்தப் பேப்பர்ல எந்த இடத்துல எழுதணும்னு பெனிட்டா சொல்லட்டும்.

மார்ச் 22, சனி

எழுத வெக்கமாத்தான் இருக்கு. ஆனாலும் எழுதிருறேன்.

ஒண்ணே முக்கால் இருக்கும். பேசிக்கிட்டு இருக்கும்போது கீழ "டிங்". தடை நேரத்துல. வேணும்னே. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிருச்சு. டேப்பை ஆன்சி கையில கொடுத்துட்டு இறங்கி ஓடுனேன். அவரு கதவைத் தட்டப் போகல. நேரா மீட்டர் போர்டுக்குப் போய், அவிய வீட்டு ஃபியூஸ் கட்டையைப் புடுங்கிட்டேன். போச்சு, ஓவன், ஃபேன், ஃப்ரிட்ஜ், எல்லாம் போச்சு. அப்படி ஒரு நிம்மதி எனக்கு.

அவரு பனியனோட ஓடி வந்தாரு. கட்டையைத் தாடேன்னாரு. தரமாட்டேன்னேன். என் சட்டையைப் பிடிச்சாரு, நான் அவரு கையைப் பிடிச்சேன். மாடிப்படியில நின்னு ரெண்டு பேரும் தள்ளிக்கிட்டு நிக்கோம், அறுபத்தஞ்சு வயசு ஆளும் நானும். பகவதியம்மாவுக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துச்சு, அதுக்குத்தான் பால் சுடவச்சேன்னு கத்துதாரு. அதை நான் நம்பல. பொய் சொல்லாதீரும்னு சொன்னேன். அதுக்கு மேலயும் சொன்னேன். அவரு பொண்டாட்டியைப் பத்தி ஒரு வார்த்தை, என் பொண்டாட்டியைப் பத்தியும் ஒரு வார்த்தை. என்னை விட்டுட்டுப் போனவ இப்ப என் பிள்ளையைப் புடுங்க வாறா, நீ பாலைச் சுடவச்சு அவளுக்கு வழி விடுதியாடேன்னு. என்ன பேச்சு இது? எனக்கே விளங்கல.

லில்லி டீச்சர் வந்து கட்டையை என் கையில இருந்து வாங்குனாவ. பகவதியம்மா வாசப்படியில உக்காந்திருந்தாவ. மூஞ்சி வெளுத்து, நெத்தியெல்லாம் வேர்வை. பால் டம்ளர் கையில ஆடுது. அவரு சொன்னது நெசந்தான்.

மேல ஏறி வந்தேன். கதவு திறந்தே கெடக்கு. ஆன்சி டேப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. பெனிட்டா அதுல தெரியுறா, தெளிவா, அவ பின்னால சுவர்ல மாட்டிருக்கிற காலண்டர்ல தேதி வாசிக்கிற அளவுக்கு. கீழ கரண்ட் இல்லைல்லா. மாடிப்படியில நான் பேசுனது எல்லாம் அவளுக்குப் போயிருக்கு.

அவ ஆன்சியைப் பாத்து, நாளைக்குப் பேசுறேன் மக்களேன்னு சொல்லி வச்சுட்டா.

மார்ச் 23, ஞாயிறு

கூப்பிடல. கோயிலுக்கும் போகல.

மார்ச் 25, செவ்வாய்

கீழ போனேன், பகவதியம்மாகிட்ட மன்னிப்புக் கேக்க. உள்ள வரச் சொன்னாவ. சிவதாணு பேப்பரை மூஞ்சிக்கு நேரா பிடிச்சுக்கிட்டு, ஒரு பக்கத்தைக் கூடத் திருப்பாம இருந்தாரு. என் பிள்ளையும் வெளியூர்லதான் இருக்கான் தம்பி, மாசம் ஒரு தடவை பேசுனா அதிசயம்னு பகவதியம்மா சொன்னாவ. காப்பி குடிச்சுட்டு வந்துட்டேன். அவரு மேல உள்ள கோவம் போகல. இனி போகவும் வேண்டாம்.

மார்ச் 29, சனி

பெனிட்டாவுக்கு இன்னைக்கு டூட்டி நீண்டுபோச்சாம், கூப்பிடல. மெசேஜ் போட்டிருந்தா. "நாளை முதல் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைப்பார்கள். இனி உங்களுக்குப் பன்னிரண்டரைக்குக் கூப்பிடுவேன்."

வருஷா வருஷம் அந்த ஊர்ல வெயில் காலத்துக்கு இப்படித்தான் மாத்துவானுவ. எனக்குத் தெரிஞ்ச விஷயம்தான். மறந்துட்டேன்.

பன்னிரண்டரைக்கு இந்தக் கட்டடத்துல ஒருத்தரும் ஓவன் தொடமாட்டாவ. அந்நேரம் எல்லாரும் அடுப்புல வச்சுப் பொங்கிக்கிட்டுதான் இருப்பாவ. ஆன்சிகிட்ட விஷயத்தைச் சொன்னேன். அப்படியாப்பான்னு கேட்டுட்டு, போய்த் தலைக்குக் குளிச்சுட்டு வந்தா.

மார்ச் 30, ஞாயிறு

பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டா.

கீழ குக்கர் விசில் அடிச்சுது. அதுக்கும் வைஃபைக்கும் சம்பந்தம் இல்ல. டேப்பை மேசையில ஜக்கு மேல சாய்ச்சு வச்சா ஆன்சி. நான் இந்தப் பக்கம் நாற்காலியில. ஆன்சி என் நாற்காலியை ஒட்டித் தன் நாற்காலியைப் போட்டு உக்காந்தா. எந்திரிக்கணும்னா அவளைத் தாண்டித்தான் போணும்.

"ஏங்க, கேக்குதா?"ன்னா பெனிட்டா.

யோசிக்காம "கேக்குது"ன்னு சொல்லிட்டேன்.

"அப்ப இன்னைக்கு முழுசாச் சொல்லிருறேன். ஆன்சியை எங்கிட்ட அனுப்புங்க. வர்ற வெள்ளிக்குள்ள பேப்பர் போகணும். மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லுங்க, நான் தாங்கிக்கிடுவேன். சிக்னல் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க."

 என் வாயில இதுதான் வந்துச்சு: "கேக்கல பெனி. விட்டு விட்டு வருது."

"கேட்டுச்சு"ன்னா அவ. "உங்க மொகத்தைத்தான பாத்துட்டு இருக்கேன்."

நான் ஆன்சியைப் பாத்தேன். நீ சொல்லு மக்களே, உனக்கு இங்க என்ன குறைன்னு கேக்க வாயெடுத்தேன். அதுக்குள்ள அவ பேசிட்டா. மேசையைப் பாத்துக்கிட்டே பேசுனா.

"அம்மா கேக்கலப்பா. நாந்தான் கேட்டேன். கிறிஸ்மஸ்ல இருந்து நாந்தான் அம்மாகிட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன், என்னைக் கூட்டிட்டுப் போங்கன்னு. உங்ககிட்டயும் சொல்லலாம்னு வருவேன். நீங்க அடுக்களைக்குப் போயிருவீங்க."

 கிறிஸ்மஸ் அன்னைக்குக் கேக்கு வெட்டிட்டுப் பேசும்போது இவ அம்மாகிட்ட ஏதோ சொல்ல வந்தா. எனக்குக் கேட்டுச்சு. அன்னைக்கே கேட்டுச்சு.

அழுதேன். பிள்ளை முன்னால அழக்கூடாதுன்னு பாத்தேன், முடியல. ஆன்சி என் கையைப் பிடிச்சுக்கிட்டா. ஆனா போகலைன்னு சொல்லல. எனக்காகக் கூட அந்த வார்த்தையைச் சொல்லல. பெனிட்டாவும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுதா.

கொஞ்சம் கழிச்சுக் கேட்டேன்.

"அப்ப நான்?"

பதில் வரல. உறைஞ்சுபோயிருப்பான்னு டேப்பை உத்துப் பாத்தேன். அவளுக்குப் பின்னால ஜன்னல் திரை ஆடிக்கிட்டு இருந்துச்சு. அவ கண்ணை ரெண்டு தடவை சிமிட்டுனா. வெளிய ரோட்டுல ஏதோ பஸ் போற சத்தம் கூட வந்துச்சு. மேல மூலையில சிக்னல் ஃபுல்லா நிக்குது.

நான் தலையை ஆட்டுனேன். சரின்னு. அவளும் ஆட்டுனா.

ஏப்ரல் 2, புதன்

திங்கள் ரம்ஜான் லீவு. நேத்து காலேஜ்ல பிராக்டிகல், வர முடியல. இன்னைக்கு ஸ்கூல் விட்டதும் ஆன்சியைக் கூட்டிக்கிட்டு கோர்ட்டுப் பக்கம் நோட்டரி வக்கீலைப் பாக்கப் போனேன்.

லிஃப்டுல சிவதாணு ஏறுனாரு. மூணு பேரும் கீழ வரைக்கும் கதவைப் பாத்துக்கிட்டே வந்தோம்.

வக்கீல் ஆபீஸ் நல்ல புழுக்கம். ஃபேன் சுத்துது, காத்து வரல. பாஸ்போர்ட்டு, ஆதாரு எல்லாம் வாங்கிப் பாத்துட்டு, பெனிட்டா அனுப்புன பேப்பரை வாசிச்சாரு. அதுல ரெண்டு மூணு வரி நிரப்பணுமாம். பிள்ளை பேரு, வயசு கேட்டாரு. தகப்பன் தொழில் கேட்டாரு. விரிவுரையாளர்னு சொன்னேன். எல்லாம் எழுதிட்டு, தலையைத் தூக்காமலே அடுத்ததைக் கேட்டாரு.

"தாயும் தகப்பனும் ஒண்ணாத்தான இருக்கீங்க?"

"ஆமா"ன்னு சொன்னேன்.

அவரு பேனா எழுதப் போச்சு. ஆன்சி பக்கத்துல பெஞ்சுல உக்காந்திருந்தா. அவ என்னைப் பாக்கக் கூட இல்ல, ஸ்கூல் பையோட வாரை விரல்ல சுத்திக்கிட்டு இருந்தா.

"இல்ல சார்"னு சொன்னேன். "ஒண்ணா இல்ல."

அப்படியே எழுதிக்கிட்டாரு. அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போட்டேன்.